அட்டைக் கட்டின் மேல் ஒரு கோடு

நேற்று உன் மனைவி அலோனிலிருந்து பஸ் ஏறி வந்து, ஒரு பிஸ்கட் டின்னை என் மேசையில் வைத்தாள். "அண்ணே, இது உங்களுதுன்னு கடைசி வரைக்கும் சொன்னாரு." திறந்ததும் பழைய வாசனை: இயந்திர எண்ணெயும் கெட்டிக் காகிதமும். உள்ளே என் துளை அட்டைகள்.

உன் சாவுக்கு நான் வரவில்லை. தெரிந்தேதான் வரவில்லை.

லோஞ்சிக் கைலிக்கு மேல் ஸ்வெட்டர் போட்டு நாம் நடுங்கிய அந்தக் கல்லூரிக் கணினிக் கூடம் நினைவிருக்கிறது. "நமக்கு மின்விசிறிக்கே வழியில்லை, இந்த மகாராசாவுக்கு ஏசி கேக்குது" என்பாய். புரோகிராமின் ஒவ்வொரு வரிக்கும் ஓர் அட்டை, அதிலுள்ள துளைகளைத்தான் இயந்திரம் படிக்கும். வரிசை குலைந்தால் எல்லாம் போயிற்று. அதனால் கட்டின் மேல் விளிம்பில் எல்லோரும் பென்சிலால் சாய்வாக ஒரு கோடு இழுப்போம். கீழே விழுந்தாலும் கோட்டைப் பார்த்து அடுக்கிவிடலாம்.

"கோடு போடுடா."

"என் கட்டு ஏன்டா விழப்போகுது?"

"ஆமா, துரை வீட்டுக் கட்டு, அந்தரத்துல நிக்கும்!"

நான் போடவில்லை. வரிசை எண்ணையும் துளைக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த நிபுணர் முன்னால் அதை ஓட்டிக்காட்ட வேண்டிய நாளில், "குடு, நான் கொண்டாறேன்" என்று வாங்கினாய். மூன்று படி ஏறவில்லை, அட்டைகள் தரையெல்லாம் சிதறின. அவர் கடிகாரத்தைப் பார்த்தார். வேறொருவன் புரோகிராம் ஓடியது, அவன்தான் வெளிநாட்டுப் பயிற்சிக்குப் போனான். சில மாதங்களில் மாணவர் போராட்டம் வெடித்ததும் அரசாங்கம் கல்லூரிகளையே மூடியது. அப்புறம் யாரையும் அனுப்பவில்லை.

அதன்பின் உன்னோடு நான் பேசவில்லை. இரண்டு முறை ஏதோ டின்னோடு மிங்கலாடோன் வரை வந்து என் வாசலில் நின்றாய். ஜன்னலைச் சாத்தினேன்.

இன்று முழுவதும் அட்டைகளை வெளிச்சத்தில் பிடித்துப் படித்தேன். எண் இல்லாத கட்டு. ஒவ்வொரு வரியாகப் படித்து, எதன் பின் எது என்று யோசித்துத்தான் நீ அடுக்கியிருக்க வேண்டும். எத்தனை மாதம் ஆயிற்றோ! என் புரோகிராமை எந்த இயந்திரமும் படிக்கவில்லை. நீ மட்டும் படித்திருக்கிறாய். அடுக்கி முடித்து, மேலே கோடும் இழுத்திருக்கிறாய்.

ஓரிடத்தில் தப்பு. ஓர் அட்டை பத்து இடம் தள்ளி இருக்கிறது. எடுத்து அதன் இடத்தில் வைத்தேன், உன் கோடு முறிந்தது.

திரும்ப நீ வைத்த இடத்திலேயே செருகி, டின்னை மூடிவிட்டேன்.