ஏறுகிற வண்டிக்குத்தான் வழி

அன்புள்ள அப்பாவுக்கு,

மூட்டுவலி தேவலையா? எனக்கு ஒரு குறையுமில்லை.

நேற்று சரக்கு லாரியை ஓட்டிக்கொண்டு மலைக்கணவாய் ஏறினேன். ஒரு வண்டி மட்டுமே போகிற மண்பாதை. எதிரே இறங்கி வந்த லாரிக்காரர், "பொம்பளையா ஓட்டுறது? பின்னாடி எடும்மா," என்றார். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டிதான் வழிவிட வேண்டும். நான் கை பிரேக்கைப் போட்டு, இன்ஜினை அணைத்து, சாப்பாட்டைப் பிரித்தேன்.

"என்னம்மா பண்றே?"

"சாப்பிடுறேண்ணே. நீங்க மெதுவா எடுங்க."

முணுமுணுத்தபடி வளைவுவரை லாரியைப் பின்னால் எடுத்து வழிவிட்டார். பாதையோரப் பள்ளத்தை எட்டிப் பார்த்துப் பயப்பட எனக்கு நேரமில்லை.

பரணில் கிடக்கும் உங்கள் லாரி ஹாரனை அனுப்புங்கள். வளைவுகளில் அடிக்கத்தான். சின்ன வயதில் தெருமுனையில் அது கேட்டால் நீங்கள் வந்துவிட்டீர்கள் என்று ஓடி வருவேனே. இங்கே எனக்காக ஹாரன் அடிக்க யாருமில்லை; நானே அடித்துக்கொள்கிறேன்.

சரக்கு ஏற்றிவிட்டார்கள், கிளம்புகிறேன்.

பின்னால் எடுக்காத,
உங்கள் மகள்