முப்பத்தாறு கிலோமீற்றர் ஓடிய ரெஜினாவுக்கு

என் ஆசை மச்சாள் ரெஜினா,

நீ செத்து ஐந்து மாதமாகிறது. ஊர் இப்போதுதான் உன்னை மதிக்கத் தொடங்கியிருக்கிறது. நீயும் நானும் மாம்புரிக் கரையில் ஓடியபோது "பைத்தியங்கள் ரெண்டும் போகுது" என்று சொன்ன அதே வாய்கள், இப்போது உன் படம் போட்ட ரீசேர்ட்டுக்குப் பெயர் கொடுக்கின்றன. உன் முகத்தை நெஞ்சில் போட்டுக்கொண்டு ஓடப் போகிறார்களாம். ஒரு மாதம் போனால் அதே ரீசேர்ட்டால் மோட்டார்சைக்கிள் துடைப்பார்கள். எனக்குத் தெரியாதா இவர்களை?

ஓம், உனக்கு நினைவு ஓட்டம் வைக்கிறார்கள். டவுனில் இருக்கிற ஓட்டக் கழகம்தான். உனக்கு அந்தத் தலைவரை மறந்திருக்காது. போன் கடைக்காரர். இடுப்புப் பட்டியில் நாலு சின்னப் போத்தல் சொருகிக்கொண்டு, ஓடுகிற இடத்துக்குக் காரில் போய் இறங்குகிறவர். நாங்கள் கழகத்தில் சேரப் போன அன்று எங்கள் பாவாடையைப் பார்த்துவிட்டு, "அக்காமாருக்கு இந்த வயசில இது என்னத்துக்கு? லேடீசுக்கு நடை வச்சிருக்கம், அதில வாங்க" என்றாரே, அவர்தான்.

இப்போது அவர் வாய் கூசாமல் உன்னை "எங்கள் கழகத்தின் சகோதரி" என்கிறார். நீ அந்தக் கழகத்தில் ஒரு பிளேன்டீகூடக் குடித்ததில்லை.

அவர் இன்னமும் காலையில் எல்லோருடைய போனுக்கும் சூரியன் உதிக்கிற படம் அனுப்புகிறார். படத்துக்குக் கீழே "இன்று உன்னை நீ வெல்" என்று ஒரு வரி. யார் யாரை வெல்வது? முதல்நாள் கொத்துரொட்டியை வெல்ல முடியாமல் வயிறு தள்ளி நிற்கிற மனிதர். ஊக்கம், ஊக்கம் என்று அந்தக் கழகத்தில் கதைக்கிற கதையை ஓட்டமாக மாற்றினால் இலங்கையை நாலு தடவை சுற்றி வந்திருக்கலாம்.

உன்னுடைய ஊக்கப் பேச்சு எனக்கு ஞாபகம் இருக்கிறது. விடிய முன்னம் என் அறை யன்னலில் இரண்டு தட்டு. நான் கால் நோகுது, காய்ச்சல் மாதிரி இருக்கு என்று ஏதாவது முனகுவேன். நீ கெஞ்ச மாட்டாய், ஆறுதல் சொல்ல மாட்டாய். "அப்ப கிடந்து நாறு, மச்சாள்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாய். நான் கோபத்தில் எழும்பி, தலையைக்கூடச் சீவாமல் உன் பின்னால் ஓடி வருவேன். மூன்று வருடம் நான் ஓடியது அந்தக் கோபத்தில்தான்.

பள்ளியில் ஒரே வாங்கில் இருந்த காலத்திலேயே நீ அப்படித்தான். பிறகு என் அண்ணனைக் கட்டி மச்சாள் ஆனாய், வாய் மட்டும் மாறவில்லை. நாற்பத்துமூன்று வயதில் இரண்டு பேருக்கும் ஒரே கிளினிக்கில் சீனி வருத்தம் என்று சொன்னார்கள். டொக்டர் நடக்கச் சொன்னார். நீ வெளியே வந்து, "நடந்தா ஊர்ச்சனம் நிப்பாட்டிக் கதை கேக்கும். ஓடினா கேக்க ஏலாது" என்றாய். அப்படித்தான் நாங்கள் ஓட்டக்காரிகள் ஆனோம். இதைத் தலைவரின் மேடையில் சொன்னால் யாராவது கைதட்டுவார்களா?

எங்களைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் யார் இருந்தார்கள்? பாண் விற்கிற ஓட்டோக்காரன் பாட்டைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் மெதுவாக வந்து, "ஏறுங்க அக்கா, கொண்டுபோய் விடுறன்" என்பான். கோயில் வாசலில் நிற்கும் பெண்கள் எங்கள் சப்பாத்தைப் பார்ப்பார்கள். நீ டவுன் நடைபாதையில் வாங்கிய பழைய சப்பாத்து, இடது காலுக்குக் கொஞ்சம் பெரிது, அதற்குள் பழைய காலுறையை அடைத்துக்கொண்டு ஓடினாய். நீ அவர்களில் ஒருவருக்கும் பதில் சொன்னதில்லை. நின்றுவிட்டால் இவர்கள் சந்தோசப்படுவார்கள், அதற்காகவாவது நிற்கக்கூடாது என்பாய். அது வீம்பு என்று எனக்குத் தெரியும். ஆனால் சூரியன் படத்தைவிட அது நன்றாக வேலை செய்தது.

நீ போன பிறகு ஊர் என்ன சொன்னது தெரியுமா? "ஓடி ஓடித்தான் செத்தாள்." டெங்கு என்று ஆஸ்பத்திரியில் சொன்னது இவர்களுக்குப் போதவில்லை. நுளம்பு கடித்துச் செத்தவளை ஓடிச் செத்தவள் ஆக்கிவிட்டார்கள். தங்கள் வளவில் தண்ணீர் தேங்கிய சிரட்டையை ஒருத்தி கவிழ்த்து வைத்தாளா? இல்லை. உன் சப்பாத்தில்தான் குற்றம்.

சரி, வைய வேண்டியவர்களை வைதுவிட்டேன். இனி உன்னிடம் வருகிறேன், ரெஜினா. உன்மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது.

அந்தப் பாதையை நீதானே அளந்தாய்? அண்ணனின் மீன்வாடிக் குடிசையிலிருந்து காற்றாலைத் தூண் வரைக்கும் போக மூன்று கிலோமீற்றர், வர மூன்று என்று அடித்துச் சொன்னாய். கரைவலையில் கழித்துப் போட்ட கயிற்றில் நூறு பாகம் எடுத்து, இரண்டு நுனியிலும் உன் பழைய சிவப்புச் சட்டைத் துணியைக் கட்டினாய். அதை மணலில் போட்டுப் போட்டு நீ முன்னுக்கும் நான் பின்னுக்குமாகப் போனோம். பதினாறு தடவையும் மிச்சம் ஒரு துண்டும். ஒரு பாகம் என்றால் ஆறடி, நூறு பாகம் அறுநூறு அடி என்று கணக்குச் சொன்னாய். கரையில் பிறந்த எவளுக்கும் அது தெரியும் என்றாய். நானும் தலையாட்டினேன்.

பிறகு அந்த நாள். ஏழு சுற்று ஓடினால் நாற்பத்திரண்டு, முழு மரதன். நான் நாலாம் சுற்றில் கெண்டைக்கால் பிடித்து வாடி வாசலில் விழுந்துவிட்டேன். நீ ஒரு தடவை திரும்பிப் பார்த்தாய், "கிட" என்றாய், போய்விட்டாய். நான் தண்ணீர்ப் போத்தலோடு இருந்து பார்த்தேன். ஐந்தாம் சுற்றில் வாந்தி எடுத்தாய். ஆறாவதில் எதையோ சொல்லி அழுதுகொண்டு போனாய். ஏழாவது முடித்து வாடிக்கு முன்னால் மணலில் குப்புற விழுந்தாய். வாய்க்குள் மணல். "எழுதி வை மச்சாள், நாப்பத்திரண்டு" என்றாய்.

அதை நான் ஊரெல்லாம் சொன்னேன். செத்தவீட்டிலும் சொன்னேன். இத்தாலியில் இருக்கிற உன் மகள் தான் வேலை செய்யும் இடத்தில் சொல்லிப் பெருமைப்பட்டாள். தலைவரின் காதில் விழுந்ததும் அவர் பதாகைக்கு வசனம் எழுதிவிட்டார்: நாற்பத்திரண்டு கிலோமீற்றரை வென்ற வீராங்கனை.

போன கிழமை அவர் எனக்கு ஒரு கைக்கடிகாரம் தந்தார். ஓடுகிற தூரத்தை அதுவே காட்டுமாம். நினைவு ஓட்டத்தில் நான் முன்னால் ஓட வேண்டும், அதற்குப் பழகிக்கொள்ளட்டும் என்று. நீ போனதிலிருந்து நான் ஓடவில்லை. யன்னலில் தட்ட ஆளில்லை, எழும்பவில்லை. கடிகாரத்தைச் சாட்டாக வைத்து ஒரு நாள் போனேன். வாடியிலிருந்து தூணைத் தொட்டுத் திரும்பினேன். ஐந்து கிலோமீற்றரும் கொஞ்சமும் என்று காட்டியது. போன் கடைக்காரனின் கடிகாரமும் அவனைப் போல்தான் என்று நினைத்தேன். அடுத்த நாளும் அதே கணக்கு. மூன்றாம் நாளும் அதேதான்; பிழை கடிகாரத்தில் இல்லை.

அண்ணனிடம் போனேன். அவர் வாடியில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். உன் கயிறு அங்கேதான் தொங்குகிறது. இந்தக் கயிறு எத்தனை பாகம் என்று கேட்டேன். அவர் எழும்பி, கையை விரித்து, நெஞ்சோடு கயிற்றை இழுத்து இழுத்து அளந்தார்.

"எம்பத்தாறு" என்றார்.

"அவ நூறெண்டு சொன்னா, அண்ணன்."

அவர் மறுபடி அளந்தார். எண்பத்தாறுதான். கடைசி நுனியில் இருந்த சிவப்புத் துணி அவர் உள்ளங்கைக்குள் வந்தது. "அவட கையால அளந்திருப்பா. அவ என்ட தோளுக்குத்தானே வருவா" என்றார். பிறகு என்னைப் பார்க்காமல் வலைக்குப் போய்விட்டார். நானும் அவரைப் பார்க்கவில்லை.

அடி விசரி, ஆறடி என்பது அண்ணன் மாதிரி ஆட்கள் கையை விரித்தால் வருகிற ஆறடி. உன் கட்டைக் கைகளுக்கு ஐந்தும் சொச்சமும்தான். கரையில் பிறந்தவள் என்று அத்தனை பீத்தினாயே, உன் கையைப் பார்த்தாயா? பக்கத்தில் நின்று தலையாட்டிய நானும் பார்க்கவில்லை. ஏழு சுற்றைத் திரும்பக் கூட்டிப் பார்த்தேன். முப்பத்தாறு. ஆறு கிலோமீற்றர் குறைகிறது, மச்சாள்.

இதை யாருக்கும் சொல்லாமல் விட்டிருக்கலாம். இரண்டு நாள் அப்படித்தான் இருந்தேன். ஆனால் நீ ஓடாத ஆறு கிலோமீற்றரை அந்த மனிதர் பதாகையில் ஓடிவிடுவார் என்று நினைக்க எனக்கு அருவருத்தது. போய்ச் சொன்னேன்.

"அக்கா, இது ஆருக்குத் தெரியப் போகுது? பதாகை அடிக்கக் குடுத்தாச்சு" என்றார்.

"எனக்குத் தெரியும். முப்பத்தாறு எண்டு போடுங்க."

"முப்பத்தாறுக்கு ஆர் கைதட்டுவாங்க? சும்மா ஆறு கிலோமீற்றர்தானே."

"நீங்க எப்பவாவது ஆறு ஓடியிருக்கீங்களா?" என்று கேட்டேன்.

அவர் ஐந்துக்கு மேல் ஓடியதில்லை. கடை முழுக்கத் தெரிந்த விசயம். வேலைக்கு நிற்கிற பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டாள். அவர் போனை எடுத்து யாரோடோ கதைக்கப் போய்விட்டார்.

அண்ணனிடம் சொன்னேன். அவர் அன்றைக்கே பஸ் ஏறிப் போனார். முப்பத்தாறென்றால் முப்பத்தாறு, இல்லையென்றால் என் பெண்சாதியின் படத்தைத் தொடாதே என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். அண்ணன் ஒரு கடைக்குள் போய்ச் சத்தம் போட்டதை நான் இதுவரை கேட்டதில்லை. இப்போது பதாகையில் உன் பெயர் மட்டும்தான், எண் ஒன்றும் இல்லை. கைதட்டு வாங்காத எண்ணை எழுத அவர்களுக்குக் கை வரவில்லை.

மகளுக்கும் சொன்னேன். சிரித்தாள், பிறகு அழுதாள். "அம்மா முப்பத்தாறு ஓடினாவா, மாமி?" என்று கேட்டாள். ஓம் மகள், வாயில் மணலோட ஓடினா என்றேன்.

சிலர் சொல்கிறார்கள், மிச்ச ஆறை நீ அவளுக்காக ஓடிச் சேர்த்துவிடு என்று. என்ன பேச்சு இது? உன் கால் ஓடாததை என் கால் ஓடி உன் பெயரில் எழுதுவதா? உன்னைப் பற்றி இவர்களுக்கு ஒன்றுமே தெரியாது. நீ உயிரோடு இருந்திருந்தால் முதல் வசவு உன்னிடமிருந்துதான் எனக்கு வந்திருக்கும். நீ ஓடியது முப்பத்தாறு. நான் உனக்கு ஒரு அடிகூடத் தர மாட்டேன்.

உன்னைப் பிரிந்திருக்க என்னால் முடியவில்லை, ரெஜினா. அதை ஒரு தடவை சொல்லிவிடுகிறேன், திரும்பச் சொல்ல மாட்டேன்.

கடிகாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அண்ணன் தன் கையால் நூறு பாகம் அளந்து புதுக் கயிறு தந்திருக்கிறார். உன் சிவப்புத் துணியை அதில் மாற்றிக் கட்டினோம். கிழமையில் நாலு நாள் ஓடுகிறேன். விடிய முன்னம் கண் விழித்ததும், யன்னலில் சத்தம் ஒன்றும் இல்லாதபோது, "அப்ப கிடந்து நாறு" என்று நானே எனக்குச் சொல்லிக்கொள்கிறேன். உன் குரல் அளவுக்கு உறைக்கவில்லை. எழும்பப் போதும்.

அவர்களின் நினைவு ஓட்டத்துக்கு நான் போக மாட்டேன். வருகிற வருடம், கால் தயாரானதும், வாடியிலிருந்து முழு நாற்பத்திரண்டும் ஓடுவேன். இது நான் உனக்குத் தருகிற வாக்கு. ஏழு சுற்றும் நீ எனக்கு முன்னால் ஓடு, எப்போதும் போலத் திரும்பிப் பார்க்காமல் ஓடு. நீ விழுந்த மணலில் நான் நிற்க மாட்டேன். அங்கிருந்து மிச்ச ஆறு கிலோமீற்றரும், மச்சாள், நீ என் முதுகைப் பார்த்துக்கொண்டு வா.

ஒரே வாங்கில் உனக்குப் பக்கத்தில் இருந்தவள்,
உன் புருசனின் தங்கச்சி,
ஸ்டெல்லா மச்சாள்