பஸ்ஸில் ஏறிய கத்தரிக்காய்

ஜூலை 4

என் வாய்க்கு இன்றும் பயப்படும் தம்பிக்கு,

உன் மகள் சௌக்கியம் என்று போன கடிதத்தில் அளந்தேன். சுத்தப் பொய். அவள் திக்கிப் பேசுவதைப் பள்ளி பஸ்ஸின் பின்சீட்டுப் பெண்கள் பாட்டாகக் கட்டிப் பாடுகிறார்களாம். தினமும் காலையில் வயிற்றுவலி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வலிக்கு விடுமுறை. ஊர்க்கதையெல்லாம் என் பார்லர் நாற்காலியில் வந்து உட்காருகிறது, வீட்டுக்கதை மட்டும் எனக்குத் தெரியவில்லை பார். திங்களன்று நானே பஸ்ஸில் ஏறப்போகிறேன்.

அக்கா

ஜூலை 9

அன்புள்ள அக்கா,

தயவுசெய்து ஏறாதே. நீ போனால் வம்பு இரட்டிப்பாகும். லீவு கேட்டிருக்கிறேன், டிக்கெட்டும் போட்டுவிட்டேன். அவளை நான் வேலை பார்க்கும் இந்த ஊருக்கே அழைத்து வந்துவிடுகிறேன். உன்னைப் பிரிந்தால் அழுவாள், தெரியும். வேறு வழி தோன்றவில்லை.

தம்பி

ஜூலை 22

அவசரக்காரத் தம்பிக்கு,

உன் கடிதம் வருவதற்குள் ஏறிவிட்டேன். புதுச் சாயத்தை முதலில் என் தலையில்தான் சோதிப்பேன் என்பது உனக்குத் தெரியும். இந்த முறை ஊதா. ஏறியதுமே ‘கத்தரிக்காய் ஆன்ட்டி’ என்று பாட்டு தொடங்கியது. முறைக்கப் போன நானே அசட்டுச் சிரிப்பு சிரித்தேன். உன் மகள் எழுந்து நின்றாள்.

“எ... எங்க அத்தைய விடுங்க. அவங்க சிரிச்சாலும் வ... வலிக்கும்.”

தினமும் பாடுபவர்களோடு சேர்ந்து சிரிக்கும் ஜன்னலோரப் பெண் நகர்ந்து இடம்விட்டு, “இங்க வந்து உக்காரு” என்றாள்.

பிறகு அவள் வகுப்பு டீச்சரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். முதலில் தன்னிடம் வந்திருக்க வேண்டும், பஸ்ஸில் ஏறியிருக்கக் கூடாது என்று எனக்குத்தான் முதல் டோஸ். பாடியவர்களோடும் அவர்கள் வீட்டாரோடும் தனியாகப் பேசினாராம். சிரித்தவர்களுக்கும் பாடம்: சிரிக்காதே, பக்கத்தில் போய் உட்கார், பெரியவரிடம் சொல். இப்போது டீச்சர்களும் முறை வைத்து பஸ்ஸில் வருகிறார்கள். வயிற்றுவலி சில நாள் எட்டிப் பார்க்கிறது. ஆனால் ஏன் என்று அவளே சொல்லிவிடுகிறாள். மற்றதை அவளே எழுதுவாள்.

ஊதா அக்கா

ஜூலை 23

அப்பா,

டிக்கெட்டை கேன்சல் பண்ணாதீங்க. ஆனா என்னைக் கூட்டிட்டுப் போக வராதீங்க, என்கூட இருக்க வாங்க. பின்சீட்டு அக்கா மன்னிப்பு கேட்டாங்க. யோசிக்கிறேன்னு சொல்லியிருக்கேன். அவசரமே இல்லன்னு அத்தை சொன்னாங்க.

உங்ககிட்ட சொல்ல நிறைய இருக்கு. மெதுவாத்தான் சொல்லுவேன். லீவு நிறையப் போட்டுட்டு வாங்க.

உங்க மகள்