வீடு அவள் பெயரில், பேட்டி அவரிடம்

ஓகஸ்ட் 4, திங்கள்

கச்சான் காற்று, மேற்கிலிருந்து வரண்டு வீசுகிறது. ஜன்னலைச் சாத்தினால் வேக்காடு, திறந்தால் மேசை முழுக்க மண். என் இறுதி வருட மாணவி சிப்னாவின் ஆய்வேடு, முதல் பிரதி. தலைப்பு: மகளுக்குச் சீதனமாக எழுதும் வீடும் பெண்ணின் உரிமையும். சம்மாந்துறையில் வீடு வீடாக ஏறி இறங்கியிருக்கிறாள். வீட்டு உறுதிப் பத்திரம் எல்லாம் பெண் பெயரில். பேட்டி எல்லாம் புருஷன்மாரிடம்.

கடைசியில் வரும் உசாத்துணை நூல் பட்டியல் அதைவிட மோசம். ஒரு பெண் பெயர் இல்லை. சீதன வீடு பற்றி நான் அலைந்து திரிந்து எழுதிய கட்டுரை, துறைத்தலைவர் பெயரில்! அந்தக் கட்டுரை வந்த தொகுப்புக்கு அவர் எழுதியது முன்னுரை மட்டும். ஒன்றரைப் பக்கம்.

பால்மா, நுளம்புச் சுருள் வாங்க வேண்டும்.

ஓகஸ்ட் 5, செவ்வாய்

சிப்னாவைக் கூப்பிட்டேன்.

"பொம்புளையள்ட்ட ஏன் கேக்கல்ல?"

"கேட்டன் மிஸ். 'அவருட்டக் கேளுங்க' எண்டுட்டு உள்ள போயிட்டாங்க."

"என்ட கட்டுரைக்கு ஏன் துறைத்தலைவர் சேர்ட பேரு?"

தரையைப் பார்த்தாள். "போன வருஷ பெட்ச் பிள்ளையள் அப்படித்தான் போட்டிரிக்காங்க. அதப் பாத்துத்தான் நாங்களும். சேர்ட பேரு இரிந்தா வாய்மொழிச் சோதின, வைவாவுல கேள்வி வராதாம்."

போன பெட்சுக்கும் படிப்பித்தவள் நான்தான்.

"மாத்துறன் மிஸ். சேர் கோவிப்பாரா?"

அவருக்கு இது தெரியாது என்றேன். பச்சைப் பொய். போன பெட்சின் ஆய்வேடுகள் எல்லாம் அவர் பார்வைக்குப் போனவை.

ஓகஸ்ட் 6, புதன்

நாளை நிரந்தர நியமனத்துக்கு நேர்முகம். இத்தனை வருடம் தற்காலிக விரிவுரையாளர். இதுவும் தவறினால் வீட்டில் இருக்க வேண்டியதுதான். ஓய்வறைக் கதவுக்குப் பின்னால் யாரோ: "அவங்களுக்கென்ன, மாப்பிள உழைக்காரு." உள்ளே போகாமல் திரும்பிவிட்டேன். வீட்டில் இவர், இராச் சாப்பாட்டில்: "சேரோட மட்டும் முரண்டு புடிக்காதீங்க."

பசிக்கவில்லை.

ஓகஸ்ட் 7, வியாழன்

குழுவில் எல்லோரும் ஆண்கள். துறைத்தலைவரும் ஒருவர். தலைமை தாங்கியவர் வெளியூர்ப் பேராசிரியர், எங்கள் மாணவர்களின் ஆய்வேடுகளைத் திருத்திப் புள்ளி போடுபவர்.

"சீதன வீடு பற்றி உங்கட துறைத்தலைவர் நல்லா எழுதியிருக்கார். வாசிச்சீங்களா?"

"அது நான் எழுதினது சேர்." தொகுப்பை எடுத்து நீட்டினேன். முன்னுரையைத் திறந்து வாசித்தார். பிறகுதான் கட்டுரை, என் பெயர்.

"அப்ப உங்கட மாணவர்களே ஏன் உங்கட பெயரைப் போடல்ல?"

துறைத்தலைவரைப் பார்த்தேன். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும் எனக்கு. தேத்தண்ணிக் கோப்பையை வைத்தார்.

"எழுதினது அவங்கதான். ஆனா அது யாருட யோசின எண்டு பிள்ளைகளுக்குத் தெரியும்."