ஆறு மணி மாத்திரை

என் செல்ல மகளுக்கு, அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதப்படுவது. இங்கே நான் பசித்தால் சாப்பிட்டுக்கொண்டு, தூக்கம் வந்தால் தூங்கிக்கொண்டு இருக்கிறேன். அங்கே நீயும் மாப்பிள்ளையும் சின்னவனும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று நம்பித்தான் பேச ஆரம்பிக்கிறேன். இத்தனை வருஷமாக உனக்கு வந்த கடிதமெல்லாம் டிரைவர் மாமா எழுதியது. எழுத்தும் அவன் பேச்சு மாதிரியே பெரிது பெரிதாக இருக்கும், உனக்குத் தெரியும். இது வேறு கை. யார் கை என்று கடைசியில் சொல்கிறேன். அவன்தான், நம்ம ஹாரன், போய்விட்டானம்மா. குளியலறையில் விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. போனில் உன்னிடம் சொல்லவில்லை. உன் குரலைக் கேட்டாலே எனக்கு எல்லாம் நல்லபடியாக இருக்கிறது என்றுதான் வாயில் வருகிறது. அதனால்தான் கடிதம்.

பஸ் பணிமனைக் கூரை காற்றில் பிய்த்துக்கொண்டு போய் ரயில் தண்டவாளத்தில் விழுந்த வருஷம் நீ பிறந்தாய். மாடி பஸ்ஸை நிறுத்தியதும் அந்த வருஷம்தான், பாலத்துக்கு முதல்முதலாக விளக்குப் போட்டதும் அந்த வருஷம்தான். எனக்கு வருஷத்தை எண்ணாகச் சொல்ல வராது, இப்படித்தான் வரும். உன்னைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வேலைக்கு ஓடினேன். கேட்டில் டைம்கீப்பர் நிற்கிறான், நிமிஷம் என்று எல்லோரும் பெயர் வைத்திருந்தோமே, அவன்தான். வாட்ச்சைப் பார்த்தான், என் முகத்தைப் பார்க்கவில்லை. "லேட்டு" என்றான். "பொண்ணு பொறந்திருக்குய்யா" என்றேன். "நல்லா இருக்கட்டும். ஆனா லேட்டு லேட்டுதான்" என்று ஆப்சென்ட் போட்டுவிட்டான். அன்றைக்கு விட்ட பேச்சுதான். உன் வயசும் எங்கள் பகையின் வயசும் ஒன்று. நீ பள்ளிக்கூடம் போன காலத்தில் அவன் பெயரைச் சொன்னால் உன் அம்மா அடுப்பைத் திட்டுவது போல அவனைத் திட்டுவாள், நினைவிருக்கும்.

இப்போது என் நெஞ்சு விஷயத்துக்கு வருகிறேன். சிகிச்சைக்குக் குறித்த நாள் தள்ளிப் போய்விட்டது, ஆஸ்பத்திரியில் மெஷின் ரிப்பேர் என்று போனில் சொன்னேன் அல்லவா, மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது. கெட்டது நான். உனக்கு முன்னமே தெரியும், என் இதயம் தாளம் தப்பி அடிக்கிறது, பழைய என்ஜின் மிஸ்ஃபயர் ஆகிற மாதிரி. தொடையில் உள்ள ரத்த நாளம் வழியாக மெல்லிய குழாய் விட்டு உள்ளே கெட்ட இடத்தைச் சுட்டுச் சரிசெய்யலாம் என்று டாக்டரம்மா சொன்னார். அதற்கு முன்னால் ரத்தம் உறையாமல் இருக்கிற மாத்திரையைக் காலையிலும் சாயங்காலமும் ஒரு வேளை விடாமல் போட்டுக்கொண்டு வர வேண்டும். தாளம் தப்பி அடித்தால் ரத்தம் ஒரு மூலையில் தேங்கும், தேங்கினால் உறையும், உறைந்தது கிளம்பினால் தலைக்குத்தான் போகும் என்று கையைக் காட்டிக் காட்டிச் சொன்னார். நானும் தலையைத் தலையை ஆட்டினேன்.

காலை மாத்திரை பல் விளக்கியதும் தானாக வாய்க்குப் போய்விடும். சாயங்கால மாத்திரைதான் பெஞ்சு மாத்திரை. பணிமனைப் பின்வாசலுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் நாங்கள் நாலு பேர் உட்காருவோமே, கண்டக்டர் சில்லறை, என்ஜின் பார்க்கிற கிரீஸ், ஹாரன், டயர் கழற்றிப் போட்ட நான். ஆறு மணிக்கு டீ வரும். ஆளுக்கொரு மாத்திரை, ஒருத்தனுக்குச் சர்க்கரை, ஒருத்தனுக்குப் பிரஷர். எல்லோரும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு காத்திருப்போம். சில்லறை "போலாம் ரைட்!" என்று குரல் கொடுப்பான், நாலு பேரும் ஒன்றாக விழுங்குவோம். யாராவது பிந்தினால் "ஏறுய்யா, வண்டி உனக்காக நிக்குமா" என்று திட்டு விழும். கிரீஸ் போனான். சில்லறை போனான், அப்புறம் ஹாரன் குரல் கொடுத்தான், ரெண்டே பேருக்கு ஊரே கேட்கிற மாதிரி. இப்போது அவனும் போனதும் நான் அந்தப் பக்கமே போகவில்லை. சாயங்காலமானால் விளக்குக்கூடப் போடாமல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். எதிர் வீட்டுச் சுவரில் வெளிச்சம் மஞ்சளாகி, சாம்பலாகி, அப்புறம் சுவரே தெரியாமல் போகும், அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மாத்திரை ஞாபகமே வரவில்லையம்மா. எதையும் மறக்காத ஆள் நான், நீ முதல் முதலாகப் போட்ட செருப்பின் வார் எந்தப் பக்கம் அறுந்தது என்று இன்றைக்கும் சொல்வேன். ஆனால் அந்த மாத்திரை என் மண்டையில் இருந்ததில்லை, பெஞ்சில்தான் இருந்திருக்கிறது.

மருந்துக்கடைப் பெண்தான் கண்டுபிடித்தாள். "என்ன தாத்தா, இன்னும் இவ்ளோ மிச்சம் இருக்கு?" என்று அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அப்போதாவது நான் ஒழுங்காக இருந்திருக்கலாம். சில்லறைக்கு வயிற்றைக் கீறியபோது இதே மாதிரி மாத்திரையை முன்கூட்டியே நிறுத்தச் சொன்னார்கள், அது ஞாபகத்துக்கு வந்தது. நமக்கும் உள்ளே சுடப் போகிறார்கள், ரத்தம் கொட்டாமல் இருந்தால் நல்லதுதானே, விட்டது விட்டதாகவே இருக்கட்டும் என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டு சாயங்கால மாத்திரையை வேண்டுமென்றே ஒதுக்கினேன். யாரிடமும் கேட்கவில்லை. கேட்கிறதற்கு வீட்டில் யார் இருக்கிறார்கள், சுவரில் உன் அம்மா படம் இருக்கிறது.

குறித்த நாளில் போனேன். சுடுவதற்கு முன்னால் தொண்டை வழியாக ஒரு குழாயை விட்டு இதயத்தைப் படம் பார்த்தார்கள். பார்த்துவிட்டு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார்கள். மயக்கம் தெளிந்ததும் டாக்டரம்மா டிவி மாதிரி ஒரு பெட்டியை என் பக்கம் திருப்பிக் காட்டினார். இதயத்தின் இடது பக்கம் சின்னப் பை மாதிரி ஒன்று, அதன் மூலையில் ரத்தக்கட்டி, டியூப் வால்வில் மண் அடைத்துக்கொண்டிருக்குமே அப்படி. மாத்திரை விட்டுப் போச்சா என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து மறுபடி கேட்டார். பெஞ்சிலிருந்து வயிற்று ஆபரேஷன் வரைக்கும் எல்லாம் கொட்டிவிட்டேன். அதட்டியிருந்தால் தேவலை. "வயிறு வேற, இது வேற தாத்தா. இதுக்கு மாத்திரையோடதான் வரணும், சுடுற அன்னிக்கும் நாங்க சொல்லாம நிறுத்தக் கூடாது, சுட்டப்புறமும் ரெண்டு மூணு மாசம் கண்டிப்பா போடணும், அதுக்கப்புறமும் நாங்க பார்த்துத்தான் சொல்லுவோம்" என்று மெதுவாகத்தான் சொன்னார். கட்டியோடு குழாய் விட்டால் அது பெயர்ந்து தலைக்கு ஓடிவிடுமாம். கை கால் விழலாம், பேச்சுப் போகலாம். கை கால் போனால் போகட்டும் என்று இருந்துவிடுவேன். பேச்சு போனால் நான் என்ன செய்வேன், சொல்லு. எனக்கு எழுதத் தெரியாது. உன் அம்மா எந்த வார்த்தைக்குச் சிரிப்பாள், நீ பிறந்த அன்றைக்கு மழையா வெயிலா, எல்லாம் இந்த நாக்கில்தான் இருக்கிறது.

விடாமல் சில வாரம் போட்டுக்கொண்டு வா, மறுபடி படம் பார்ப்போம், கட்டி கரைந்திருந்தால் சுடுவோம் என்று அனுப்பிவிட்டார். வீட்டில் யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்டதற்கு இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். மருந்துக்கடைப் பெண் கட்டம் கட்டமாக ஒரு டப்பா கொடுத்தாள், மூடியில் கிழமை எழுதியிருக்கிறதாம், எனக்கு எல்லாம் ஒரே கோணல் கோடு. நீ அனுப்பிய போனில் மணி அடிக்க வைத்தாள். அடிக்கிறது, நீதான் கூப்பிடுகிறாய் என்று பதறி எடுக்கிறேன், யாரும் இல்லை. அந்த ஏமாற்றத்தில் மாத்திரை மறந்துவிடுகிறது. இரண்டு தரம் அப்படி ஆனதும் இது சரிப்படாது என்று மாத்திரையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பெஞ்சுக்கே நடந்தேன். நாலு பேர் உட்கார்ந்த இடத்தில் ஒருத்தன் எங்கே உட்காருவது என்றுகூடத் தெரியவில்லை, ஓரத்திலேயே உட்கார்ந்தேன். டீ வந்தது. மாத்திரை உள்ளங்கையில் இருக்கிறது. குரல் வரவில்லை, குரலுக்காகக் காத்துக்கொண்டே இருக்கிறேன், டீயில் ஆடை கட்டிவிட்டது. எதிர்ப் பெஞ்சில் நிமிஷம் இருந்தான். அவன் எப்போதும் அங்கேதான் இருப்பான், பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு, எங்கள் பக்கம் முதுகைக் காட்டி. அன்றைக்குத் திரும்பி வாட்ச்சைப் பார்த்தான். "லேட்டு" என்றான்.

மகளே, கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மாத்திரையைப் போட்டு டீயைக் குடித்தேன். மறுநாள் பேப்பரை மடித்துக்கொண்டு வந்து பெஞ்சின் மறு ஓரத்தில் உட்கார்ந்தான். ஆறானதும் "ம்" என்றான், போட்டேன். நாக்கைத் தூக்கிக் காட்டச் சொன்னான், காட்டினேன். அடுத்த நாள் நான் கிளம்பப் பிந்திவிட்டேன், வீட்டுக் கதவையே வந்து தட்டுகிறான், என்னைப் பார்க்காமல் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டு. அதிலிருந்து ஒரு வேளை தப்பவில்லை.

அடுத்த தேதி சொன்னதும் போனில் சொல்கிறேன். கையெழுத்துப் போட, வெளியே உட்கார ஒரு ஆள் வேண்டுமாம். உன்னை வா என்று சொல்ல மாட்டேன், சின்னவன் பரீட்சை இருக்கிறது, லீவு உனக்கு லேசில் கிடைக்காது. வராதே என்று சொல்லவும் வாய் வரவில்லை. இதை எழுதுகிறவர் பேனாவை வைத்துவிட்டு "ஏதாவது ஒண்ணைச் சொல்லுய்யா" என்கிறார். இரண்டையும் அப்படியே எழுது என்று சொல்லிவிட்டேன். நீ வந்தால் நீ உட்காரு, வராவிட்டால் உட்கார ஆள் இருக்கிறது, டாக்டரம்மாவிடம் சொன்ன பொய் உண்மையாகிவிட்டது.

மாப்பிள்ளையை ராத்திரி ஷிப்டு முடிந்து உடனே வண்டி ஓட்ட வேண்டாம் என்று சொல். சின்னவனுக்குப் பல்லில் கம்பி கட்டியது வலித்தால் திட்டாதே. உனக்கு எப்போதாவது நெஞ்சு படபடத்தால் வேலை என்று தள்ளாமல் உடனே காட்டு, இது அப்பனிடமிருந்து வந்ததாக இருக்கக் கூடாது. நீங்கள் மூன்று பேரும் நிறைந்து வாழ வேண்டும். போன் பண்ணினால் ஆறு மணிக்குப் பண்ணாதே, அப்போது எங்களுக்கு வேலை இருக்கிறது.

இப்படிக்கு, கட்டைவிரல் ரேகையோடு,
உன் அப்பா.

நீ பிறந்த அன்றைக்குக் கேட்டுக்குள் வந்தவர்களில் என்னைத் தவிர இன்னும் உயிரோடு இருக்கிறவன் ஒருத்தன்தான். இந்தக் கையெழுத்தும் அவனுடையதுதான். நிமிஷம்.