செர்ரித் தட்டும் செவ்வாய்க்கிழமை பதினோரு மணியும்

வோலோஸ்,
மே 14

அன்பு மகள் மிர்தோவுக்கு,

நானும் அம்மாவும் இங்கே நலமாக இருக்கிறோம். நீயும் நலம் என்றுதான் ஞாயிறுதோறும் போனில் சொல்கிறாய், ஆனால் எங்கள் ஊர் வானிலையைப் பார்ப்பதற்கு முன்னால் நீ இருக்கும் பெர்கன் வானிலையைப் பார்த்து, இன்றைக்கும் ஏழு டிகிரி, இன்றைக்கும் மழை என்று அம்மா காலையிலேயே சொல்லிவிடுவதால், உன் நலத்தை நாங்கள் பாதிதான் நம்புகிறோம். என் முழங்கால் பரவாயில்லை, துறைமுகத்தின் கடைசிவரை நடந்து திரும்ப முடிகிறது. அம்மாவுக்கு இரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது, உப்பைக் குறைக்கச் சொன்ன டாக்டரைத்தான் அவளுக்குப் பிடிக்கவில்லை, ஆலிவ் இல்லாமல் வளர்ந்தவன் போலிருக்கிறது என்கிறாள். உன் அறையில் பால்கனிப் பக்கத்து ஜன்னல் மழைக்கு உப்பிப் போயிருந்தது, தச்சரைக் கூப்பிட்டுச் சீவி வைத்திருக்கிறேன், இப்போது ஒரு விரலால் தள்ளினால் திறக்கும். இதெல்லாம் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் உன் பழைய வேலையைப் பற்றிப் பேச்செடுத்தாலே, அப்பா இங்கே சிக்னல் சரியில்லை என்கிறாய். காகிதத்துக்குச் சிக்னல் தேவையில்லை என்பதால் இதைக் கையால் எழுதுகிறேன், உட்கார்ந்து படி.

பத்திரிகைக்காரன் என்பதால் முக்கியமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு குழந்தைக்கு ஞானத்தாயாக இருப்பாய் என்று உன்னைக் கேட்காமலே உன் பெயரைக் கொடுத்துவிட்டேன். பாதிரியார் தன் நோட்டில் எழுதிக்கொண்டார். செப்டம்பர் முதல் ஞாயிறு ஞானஸ்நானம். குழந்தையின் தாய் ஸ்டமாத்தியா. இந்தப் பெயரைப் படித்ததும் நீ கடிதத்தை மடித்து வைத்துவிடாமல் இருக்கவேண்டும் என்பதுதான் என் கவலை. நீ சிறார் நன்னடத்தை அலுவலராக இருந்த ஆறு வருடத்தில் உன் பொறுப்பில் இருந்த ஒரு பிள்ளையின் பெயரைக்கூட வீட்டில் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. நீதிமன்றச் செய்தி எழுதிய முப்பத்தொரு வருடமும் சிறார் வழக்கு என்றால் மூடிய கதவுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன்தான் நான். இந்தப் பெயரை அவளே சொல்லித்தான் எனக்குத் தெரியும். பதினைந்து வயதில் இரண்டு சிநேகிதிகளோடு பெட்டிக்கடை ஷட்டரை உடைத்து சிகரெட் எடுத்தது, அடுத்த வருடம் ஒருவருடைய மொபெட், அதற்குப் பிறகு நீதிபதி அவளை இரண்டு வருடம் உன் கண்காணிப்பில் விட்டது எல்லாம் அவள் வாயால் கேட்டதுதான். இப்போது அவளுக்கு இருபத்தொன்று. நம் தெருமுனை ரொட்டிக்கடையில் கல்லாவில் நிற்கிறாள்.

பழக்கம் எப்படி வந்தது என்றால் ரொட்டியால் வந்தது. நீ போய் நான்கு வருடம் ஆகியும் அம்மா மூன்று பேருக்கான பெரிய ரொட்டியைத்தான் வாங்கிவரச் சொல்கிறாள், பாதி காய்ந்துபோய் மீன் சூப்பில் விழுகிறது, கேட்டால் சின்ன ரொட்டியில் மொறுமொறு மேல்தோல்தான் அதிகம் என்கிறாள். புதிதாக வந்த அந்தப் பெண், "வீட்டுல எத்தனை பேரு ஐயா, ஆட்டு மந்தை எதுவும் வச்சிருக்கீங்களா?" என்று என்னைக் கிண்டல் செய்வாள். ஈஸ்டருக்கு முந்திய வாரம் இனிப்பு ரொட்டிக்கு ஆர்டர் சொல்லும்போது நம் குடும்பப் பெயரை எழுதிக்கொண்டவள் பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமல் அப்படியே நின்றாள். "மிர்தோ மேடத்துக்கு நீங்க என்ன வேணும்?" என்றாள். அப்பா என்றேன். பின்னால் நின்ற வரிசையைப் பற்றிக் கவலைப்படாமல் உள்ளே போய் மாவுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். வரிசையில் நின்ற ஒருவர், "கல்யாணம் பேசி முடிச்சாச்சுன்னா எனக்கு ஒரு ரொட்டி குடும்மா" என்றார்.

அதற்குப் பிறகு கடை மூடும் மதிய நேரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். நீ அவளை வீட்டில் பார்க்கப் போன ஒவ்வொரு முறையும் அவள் அம்மா உன் முன்னால் பாகில் ஊறிய செர்ரியைக் கண்ணாடித் தட்டில் வைத்து, பக்கத்தில் தண்ணீரும் வைப்பாளாம், நீ தண்ணீரை மட்டும் குடித்துவிட்டுக் கிளம்புவாயாம். கண்காணிப்பில் இருப்பவர்கள் வீட்டில் எதுவும் சாப்பிடக்கூடாது, அது அலுவலக விதி என்று நீ சொன்னதை அந்த அம்மாள் நம்பவே இல்லை. "நம்ம தட்டு அழுக்குன்னு நெனைக்கிறா அந்த மகாராணி" என்று உன் தலை மறைந்ததும் பொரிந்து தள்ளுவாளாம். ஒரு வருடத்துக்கு மேல் இதே கதை. ஆனால் அந்தப் பிப்ரவரியில் நீ கடைசியாகப் போன அன்று தட்டை எடுத்து, ஒன்று விடாமல் சாப்பிட்டு, பாகையும் கரண்டியால் வழித்துச் சாப்பிட்டாயாம். "எங்கம்மாவுக்கு ஒரே சந்தோஷம், ஐயா. எனக்கு இல்லை. அப்பவே தெரிஞ்சுபோச்சு, இனிமே இவங்க வரமாட்டாங்கன்னு. கிளம்புறவங்கதானே விதியைப் பாக்கமாட்டாங்க." நீ ஊரைவிட்டுப் போவதைச் சொல்லத்தான் அன்று போயிருக்கிறாய், சொல்ல வாய் வரவில்லை, சாப்பிட்டுவிட்டு வந்துவிட்டாய், இல்லையா. அன்று வீட்டுக்கு வந்து இரவுச் சாப்பாடு வேண்டாம் என்று படுத்தாய், எனக்கு நினைவிருக்கிறது, பெட்டி கட்டிய களைப்பு என்று நினைத்தேன்.

இனி வருவது உனக்குத் தெரியாத பகுதி. செவ்வாய்தோறும் பதினோரு மணிக்கு வந்து ஆஜராகவேண்டியவள், நீ போன பிறகு அலுவலகத்துக்குப் போகவில்லை. ஆறு செவ்வாய்க்கிழமை தொடர்ந்து போகவில்லை. பழைய சிநேகிதிகள் திரும்பி வந்தார்கள், பக்கத்து நகரம் லரிசாவுக்கு ஒரு காரில் போய்வந்தார்கள், அது யாருடைய கார் என்று அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இன்னும் ஒரு தப்பு நடந்திருந்தால் நீதிபதி அவளைச் சீர்திருத்த இல்லத்துக்கு அனுப்பியிருப்பார். ஏழாவது செவ்வாய் அவள் நீதிமன்றத்தின் இரண்டாவது மாடிக்குப் போனது உன் நாற்காலியில் எவன் உட்கார்ந்திருக்கிறான் என்று பார்த்து, நான் இனி வரமாட்டேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு வரத்தான். கதவு திறந்திருந்தது. உன் சக அலுவலர் அர்கிரிஸ் தனியாக உட்கார்ந்து குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். வெளியே வராந்தாவில் ஏழெட்டுப் பேர் காத்திருந்தார்கள். ஒரு தகப்பன் சத்தம் போட்டிருக்கிறார், "சும்மாதானே உக்காந்திருக்கீங்க, என் பையனை இப்பவே பாத்தா என்ன?" என்று. "பதினோரு மணிக்கு ஆள் இருக்கு" என்றாராம் அர்கிரிஸ். "எங்க இருக்கு? நாற்காலி காலியாத்தானே கெடக்கு?" "வரணும். வந்தா உக்கார இடம் வேணும்ல." இவள் அந்தத் தகப்பனைத் தாண்டி உள்ளே போய் உட்கார்ந்தாள். வரமாட்டேன் என்று சொல்ல வந்ததை மறந்துபோனாளாம். மீதி இருந்த மாதங்களில் ஒரு செவ்வாய்கூடத் தவறவில்லை.

ஒரு வாய் சொன்னதை இன்னொரு வாயில் கேட்காமல் நான் எழுதியதில்லை, உனக்குத் தெரியும். அர்கிரிஸைப் போய்ப் பார்த்தேன். கோப்பைக் காட்ட முடியாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார், நான் கேட்கவும் இல்லை. ஆனால் ஸ்டமாத்தியாவே அவருக்குப் போன் செய்து சொல்லியிருந்ததால் ஒரே ஒரு விஷயத்தைச் சொன்னார். நீ விட்டுப் போன அறிக்கைகளின் கடைசிப் பக்கத்தில், அச்சடித்ததற்குக் கீழே, கையால் இப்படி எழுதியிருந்தாயாம்: காலையில் தம்பியைப் பள்ளியில் விட்டுவிட்டு நடந்து வருவாள், பதினோரு மணியை மாற்ற வேண்டாம். சில வாரம் வரமாட்டாள். அப்போதும் மாற்ற வேண்டாம். அர்கிரிஸ் சொன்னார், "எனக்கு அந்தப் பொண்ணைத் தெரியாது, அண்ணே. உங்க பொண்ணோட கையெழுத்துதான் தெரியும். அதனால மாத்தலை." நான் எழுதின அறிக்கையால் ஒரு பிள்ளையும் தப்பு செய்யாமல் நின்றதில்லை அப்பா, ஆறு வருடமும் காற்றில் எழுதினேன் என்று போன கிறிஸ்துமஸுக்குப் போனில் சொன்னாய். அப்போது என் கையில் ஆதாரம் இல்லை. இப்போது இருக்கிறது. மூன்று வரி. மற்ற பக்கங்களைப் பற்றி எனக்குத் தெரியாது, தெரியாததைச் சொல்லமாட்டேன்.

உன் இடத்துக்கு இன்னும் யாரையும் போடவில்லை, இரண்டு பேர் வேலையையும் அர்கிரிஸ் ஒருவர்தான் பார்க்கிறார், கதவில் உன் பெயர்ப்பலகை இருந்த இடத்தில் திருகாணி ஓட்டைகள் அப்படியே இருக்கின்றன. இதைச் செய்தியாக மட்டும்தான் சொல்கிறேன். ஸ்டமாத்தியா செவ்வாய்க்கிழமைகளில் கடையில் மிஞ்சும் எள் தூவிய வளைய ரொட்டிகளை ஒரு பையில் அந்த வராந்தாவுக்குக் கொண்டுபோகிறாள், சாப்பிடாமல் வருகிற பிள்ளைகளுக்காக. அர்கிரிஸ் மட்டும் ஒன்றுகூட எடுப்பதில்லையாம். "எல்லாம் உங்க பொண்ணு பழக்கிவிட்டதுதான்" என்கிறாள்.

இப்போது என் தப்புக்கு வருகிறேன். குழந்தைக்குப் பதினான்கு மாதம் ஆகிவிட்டது, பெண் குழந்தை, இன்னும் ஞானஸ்நானம் ஆகவில்லை, பெயரும் இல்லை. அவள் கணவன் கப்பல் பட்டறையில் வெல்டர், சாது. மாமியார் அசிமினாதான் சாது இல்லை. முதல் பேத்திக்குத் தன் பெயர் வரவேண்டும் என்று அவள் இருக்க, ஞானத்தாய்தான் பெயர் வைப்பாள், மிர்தோ மேடம் வரும்வரை காத்திருப்பேன் என்று இவள் இருந்திருக்கிறாள். கடையிலேயே என் எதிரில் சண்டை. "ஏண்டி, உன் மேடம் என்ன பிஷப்பா? வடதுருவத்துலேருந்து எப்ப எறங்கி வருவா?" என்று மாமியார் கேட்க, "வருவாங்க" என்று மட்டும் சொன்னாள் ஸ்டமாத்தியா. உன் விலாசம்கூட அப்போது அவளிடம் இல்லை. கடைசியில் செப்டம்பர் முதல் ஞாயிறுவரை பொறுப்பேன், அன்றைக்கு உன் ஆள் வரவில்லை என்றால் கோயிலில் பாட்டுப் பாடுகிறவரையே ஞானத்தந்தையாக நிற்க வைத்து அசிமினா என்று பெயர் வைத்துவிடுவேன் என்று மாமியார் கெடு வைத்தாள். ஸ்டமாத்தியா என் பக்கம் திரும்பி, உங்க பொண்ணு என் குழந்தைக்கு ஞானத்தாயா வருவாங்களா என்று கேட்டாள். ஞானஸ்நானத்துக்குக் கேட்டு வந்தவர்களை இல்லை என்று திருப்பி அனுப்பிய வீடு நம் ஊரில் உண்டா. வருவாள் என்று என் வாய் சொல்லிவிட்டது. அசிமினா அந்தச் சூட்டிலேயே என்னைக் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டாள். வீட்டுக்கு வந்து சொன்னதும் உன் அம்மா, "ஊரெல்லாம் சரிபார்த்து எழுதின மனுஷன், பெத்த பொண்ணுகிட்ட ஒரு வார்த்தை கேக்கத் தோணலையா?" என்று கேட்டுவிட்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், ஞானத்தாய் கொண்டுபோகவேண்டிய வெள்ளைத் துண்டும் எண்ணெய்க் குப்பியும் வாங்கிவந்து உன் அலமாரியில் வைத்திருக்கிறாள்.

அந்த அலுவலக விதியை நினைத்துத் தயங்காதே, அவள் இப்போது யாருடைய கண்காணிப்பிலும் இல்லை. அவளிடமும் இதைத்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் ரொட்டித்தூளைக் கூட்டிக்கொண்டிருந்துவிட்டு, "செர்ரி இந்த வருஷம் நானே போடறேன். அவங்க சாப்பிட்டுட்டுத் திரும்பியும் ஒருநாள் வரணும். அதை ஒருதடவை பாத்துட்டாப் போதும்" என்றாள். உன்னால் வரமுடியாது என்றால் ஜூலை முடிவதற்குள் ஒரு வரி எழுது. பாதிரியாரிடம் போய் நானே பெயரை அடித்துவிட்டு வருகிறேன், ஸ்டமாத்தியாவிடமும் நானே சொல்லிக்கொள்கிறேன். அவள் அழமாட்டாள், வராதவர்களுக்குப் பழகியவள். உன்மேல் தப்பும் சொல்லமாட்டாள். என்மேல் நீ கோபப்பட்டுக்கொள், அது நியாயம். ஆனால் இத்தனையும் அந்தப் பெண்ணுக்காகத்தான் எழுதினேன் என்று சொன்னால் அது அரைச் செய்தி. நான்கு வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் உன்னிடம், வேலை முக்கியம், அவசரப்படாதே, முடிந்தபோது வா என்று சொல்லியே போனை வைத்திருக்கிறேன். அதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். வா என்று மட்டும் சொல்கிறேன்.

குளிரில் தலையை நனைத்துக்கொண்டு வேலைக்குப் போகாதே, அம்மா அனுப்பிய கம்பளிக் காலுறையைப் போடு, அது அழகுக்கு இல்லை. மாதா உன்னைக் காக்கட்டும், நீ எடுத்து வைக்கிற அடியெல்லாம் நல்ல இடத்துக்கே போகட்டும். ஒன்றை மட்டும் நினைவில் வை. பெயர் இல்லாததால் எல்லோரும் அந்தக் குழந்தையைப் பாப்பா என்றுதான் கூப்பிடுகிறார்கள். கல்லாவுக்குப் பக்கத்தில் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கப் பழகியிருக்கிறது. கடைக்கு வருகிற யாராவது தங்கள் பிள்ளையைப் பாப்பா என்று கூப்பிட்டால், தன்னைத்தான் என்று நினைத்து ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பார்க்கிறது.

பெரிய ரொட்டியே இன்னும் வாங்கிக்கொண்டிருக்கும்,
உன் அப்பா
ஃபோதிஸ்