புகையாத அடுப்பு புகைவது குறித்தும், அதன் பக்கத்தில் நான் சிரித்துக்கொண்டு நிற்பது குறித்தும்

அனுப்புநர்:
மகெலேசி நைவாலு,
(எபேலி நைவாலுவின் மனைவி)
வைந்தோங்கோ ஊர்,
கந்தாவு தீவு, ஃபிஜி.

பெறுநர்:
திட்ட அதிகாரி அவர்கள்,
ஊரகச் சமையலடுப்பு மேம்பாட்டுத் திட்டம்,
சுவா.

பொருள்: எங்கள் ஊரில் மாதிரிக்காகக் கட்டிய புகையில்லா அடுப்பு நன்றாக எரிவதாக அறிக்கையில் எழுதியிருப்பதைத் திருத்தவும், அதே அச்சில் மற்ற வீடுகளுக்கு அடுப்பு வார்ப்பதை நிறுத்தவும், அடுப்பின் அமைப்பைச் சரிசெய்து தரவும் வேண்டி.

மதிப்பிற்குரிய ஐயா,

முதலில் வெட்கத்தை விட்டு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தங்கள் துறையின் மாத இதழில், புதிய அடுப்பின் பக்கத்தில், கையில் மீன் குழம்புச் சட்டியோடு, இருக்கிற பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கும் பெண்பிள்ளை நான்தான். அந்தக் குழம்பு அந்த அடுப்பில் கொதித்தது இல்லை. வீட்டுக்குப் பின்னால், ஈரப்பலா மரத்தடியில், மூன்று கல்லைக் கூட்டி வைத்து என் நாத்தனார் கெலேரா காய்ச்சி, ஜன்னல் வழியாகக் கொடுத்தது. நான் அதை வாங்கி அடுப்பின்மேல் வைத்து, அங்கிருந்து எடுப்பதுபோல் எடுத்தேன். அதற்குள் தங்கள் ஆய்வாளர் படம் பிடித்துவிட்டார்.

எனக்கு மனு எழுதிப் பழக்கமில்லை. பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் நான்காம் வகுப்போடு உறவு முறிந்தது. ஊர்த்தலைவரின் எழுத்தர் எழுதித் தருவதாகச் சொன்னார். அவர் எழுதினால் "மிகத் தாழ்மையுடன்" என்பதே பாதித் தாளை அடைத்துக்கொள்ளும் என்பதால் நானே எழுதுகிறேன். பிழை இருந்தால் புகையில் கண் தெரியவில்லை என்று எடுத்துக்கொள்ளவும். அது பொய்யும் இல்லை.

1. இந்த அடுப்பை நாங்கள் ஆசைக்குக் கேட்கவில்லை. என் மகன் செமியின் மனைவி தோரிகாவுக்கு மூச்சிரைப்பு உண்டு. சமையல் குடிசைக்குள் கால் வைத்தால் போதும், நாய் துரத்திய கோழி மாதிரி நெஞ்சு அடித்துக்கொள்ளும். பேத்தி பிறந்த பிறகு மருத்துவ நிலையத்துச் செவிலி எங்களைக் கூப்பிட்டு, "இந்தப் புகை தாயை மட்டும் புடிச்சதோட நிக்காது, பிள்ளையையும் புடிக்கும். அப்புறம் என்கிட்ட வந்து அழாதீங்க" என்று கண்டித்துச் சொன்னார். தோரிகாவை நான் அடுப்பண்டை விடவில்லை. ஆனால் புகைக்குக் கதவா, தாழ்ப்பாளா? குடிசையிலிருந்து வீட்டுக்கு வந்து பாயில் படுத்துக்கொள்கிறது. கடைசியில் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவள் சுவாவில் இருக்கும் தாய்வீட்டுக்குப் போனாள். அங்கே மண்ணெண்ணெய் அடுப்பு. போகும்போது, "புகையாத அடுப்பு வந்த அன்னைக்கே சொல்லி அனுப்புங்க அத்தை, அடுத்த கப்பல்லயே வந்து நிக்கிறேன்" என்றாள். அவள் சண்டை போட்டுக்கொண்டு போகவில்லை என்பதை இங்கே எழுதிவைக்கிறேன். ஊரில் வேறு மாதிரிப் பேசுகிறார்கள்.

2. தங்கள் ஆட்கள் இரும்பு அச்சோடு வந்தார்கள். எங்கள் குடிசையில் சிமெண்டால் இரண்டு கண் வைத்த அடுப்பை வார்த்தார்கள். தகரப் புகைபோக்கி ஒன்றையும் நட்டார்கள். "காயட்டும், அதுக்கு முன்னாடி பத்த வைக்காதீங்க" என்று சொல்லி, வந்த கப்பலிலேயே போய்விட்டார்கள். காய்ந்தது. பற்ற வைத்தோம். புகைபோக்கி என்று ஒன்று அங்கே நிற்பதைப் புகை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக அடுப்பின் வாய் வழியாக வந்து என்னை விசாரித்தது. என் கணவர் எபேலி உள்ளே எட்டிப் பார்த்து, "மகெலேசி, நீ உள்ள இருக்கியா, இல்ல கருவாடு ஆயிட்டியா?" என்று கேட்டார்.

3. அதன் பிறகுதான் திரு. ரூபேனி என்னும் தங்கள் ஆய்வாளர் வந்தார். நல்ல பிள்ளை. வீட்டுப் பாயில் உட்கார வைத்து, விருந்தாளிக்குக் கொடுக்கும் யங்கோனா வேர்ப்பொடியைக் கரைத்துக் கொடுத்து, எந்த ஊர் என்று விசாரித்தோம். அவர் தகப்பனாரின் ஊரும் எங்கள் ஊரும் தௌவு என்று தெரிந்தது. அதாவது, ஒரே குலதெய்வத்தின் வழிவந்த இரண்டு ஊர்கள். பார்த்த நிமிடத்திலிருந்து மச்சான் முறை. தௌவுக்காரர்களை எவ்வளவு கேலி செய்தாலும் அவர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. அவர்களிடம் நேராகப் பேசினால்தான் மரியாதைக் குறைவு. நான் தௌவு இல்லாதவர்களையே விடமாட்டேன். தௌவு ஆனவரை விடுவேனா?

அவர் தாளை விரித்து அடுப்பு எப்படி என்று கேட்டார். "மச்சான், இப்படி ஒரு அடுப்பு வந்தப்புறம் புருஷன் எதுக்குன்னு யோசிச்சிட்டிருக்கேன்" என்றேன். எழுதிக்கொண்டார். புகை வருகிறதா என்று கேட்டார். "புகையா? அது என்னது மச்சான், உங்க ஊர்ப் பலகாரமா?" என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். அப்போது அடுப்பண்டையிலிருந்து எழுந்து வந்த என் இரண்டு கண்ணிலும் நீர் கொட்டிக்கொண்டிருந்தது. ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்திருப்பார் போலிருக்கிறது. எங்கள் பக்கத்தில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் அது நையாண்டி என்று விளங்கும். திரு. ரூபேனி சுவாவிலேயே பிறந்து வளர்ந்தவராம். ஒரு கேலிகூடத் திருப்பிச் சொல்லாமல் "ரொம்ப நன்றிம்மா" என்று அவர் சொன்னபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

இதற்கிடையில் அடுப்பில் வைத்த தண்ணீர் சூடுகூட ஏறவில்லை. பொழுது சாய்ந்தது. வந்த விருந்தாளியைப் பட்டினியாக அனுப்பினால் அந்தப் பேச்சு பேரன் காலத்துக்கும் போகாது. அடுப்பு எரியவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னால் கட்டிக் கொடுத்தவருக்கு அவமானம். சோறு இல்லையென்றால் எங்களுக்கு அவமானம். இரண்டு அவமானத்தையும் ஒரே சட்டியில் போட்டு மூடினோம். அதுதான் அந்தக் குழம்பு. திரு. ரூபேனி மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். அறிக்கையில், "பெண்கள் முழுத் திருப்தி அடைந்துள்ளனர், புகை என்பதையே மறந்துவிட்டனர்" என்று இருக்கிறது.

4. இது எனக்கும் தங்கள் துறைக்கும் நடுவில் நடந்த வேடிக்கையாக முடிந்திருந்தால் நான் இந்தத் தாளைச் செலவழித்திருக்க மாட்டேன். தோரிகா, குழந்தைக்கு ஊசி போடப் போன இடத்தில், சுவரில் ஒட்டியிருந்த தங்கள் மாத இதழைப் பார்த்திருக்கிறாள். என் சிரிப்பையும் பார்த்திருக்கிறாள். அடியில் எழுதியிருந்ததையும் படித்திருக்கிறாள். எங்களுக்குத் தகவல்கூடச் சொல்லாமல், ஆச்சரியப்படுத்தலாம் என்று, குழந்தையோடு அடுத்த கப்பலில் வந்து இறங்கினாள். நான் கடலோரத்தில் நண்டு பிடித்துக்கொண்டிருந்தேன். அவள் நேராகக் குடிசைக்குப் போய், எங்களுக்குத் தேநீர் போட்டு வைக்கலாம் என்று அந்த அடுப்பைப் பற்ற வைத்திருக்கிறாள்.

கெலேராதான் முதலில் சத்தம் கேட்டு ஓடினாள். நான் வந்து சேர்ந்தபோது தோரிகா வாசலில் கையூன்றி உட்கார்ந்திருந்தாள். உதடு நீலமாக இருந்தது. மருத்துவ நிலையத்துக்குப் படகில் கொண்டுபோனோம். செவிலி என்னை வாசலில் நிறுத்திவிட்டு அவளை உள்ளே கொண்டுபோனார். தோரிகாவுக்கு மூச்சு திரும்பிய பிறகு, என்னைக் குறை சொல்லவில்லை, அழவில்லை. "அந்தப் படத்துல நீங்க சிரிச்சீங்களே அத்தை" என்றாள். அவ்வளவுதான். கப்பல் வந்ததும் குழந்தையோடு திரும்பிப் போய்விட்டாள். இப்போது என் மகனும் சுவாவில் வேலை தேடப் போவதாகச் சொல்கிறான். போனால் மூன்று பேரும் போனவர்கள்தான்.



5. அறிக்கையைத் திருத்த நான் செய்த முயற்சிகளும் அவற்றுக்குக் கிடைத்த பதில்களும்: ஊர்த்தலைவரிடம் சொன்னேன். "சும்மா குடுத்த பன்றிக்குக் கொழுப்பு பத்தலைன்னு சொல்ற கதையா இருக்கே" என்றார். தபால் நிலையத்து ரேடியோ தொலைபேசியில் தங்கள் அலுவலகத்தை அழைத்தேன். பேசிய எழுத்தர், "நீங்க திருப்தியாயிட்டீங்கன்னு இங்க இருக்கும்மா. ஒரு தடவை திருப்தியானவங்க புகார் குடுக்க முடியாது" என்றார். நான் திருப்தி ஆகவில்லை என்றேன். "அப்ப அறிக்கைல இருக்கிறது யாரு?" என்றார். நான்தான் என்றேன். ரேடியோவை வைத்துவிட்டார். பிறகு தங்கள் அலுவலகத்திலிருந்து ஊருக்கு ஒரு கடிதம் வந்தது. அதே அச்சோடு ஆட்கள் அடுத்த மாதம் வருகிறார்களாம். வீட்டுக்கு ஒரு அடுப்பு வார்ப்பார்களாம். மூன்று கல் அடுப்புகளை அதற்குள் இடித்து அப்புறப்படுத்த வேண்டுமாம். அப்படிச் செய்தால், அடுத்து வரும் ஆய்வாளருக்குக் குழம்பு எங்கிருந்து வரும் என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

6. அடுப்பில் உள்ள குறைகள்:

(அ) வாய் மிகச் சிறியது. பொடியாகப் பிளந்த விறகை நினைத்து வைத்த வாய் அது. நாங்கள் எரிப்பது கண்டல் கட்டையும் தென்னை மட்டையும். கட்டையை நீளமாக வைத்து, எரிய எரிய உள்ளே தள்ளுவோம். அதைத் துண்டு போட ஆள் வேண்டும். எபேலி கோடரியை எடுத்தால் முதலில் முதுகுவலியைப் பற்றித்தான் பேசுவார்.

(ஆ) கண்கள் சிறியவை. எங்கள் மரவள்ளிப் பானையை அதன்மேல் வைத்தால், ஊர்த்தலைவர் பால்வாடி நாற்காலியில் உட்கார்ந்தது போல் இருக்கிறது.

(இ) தணல் ஓரிடத்தில், பானை ஓரிடத்தில். நடுவில் இருக்கும் சிமெண்ட் மட்டும் நன்றாக வேகிறது.

(ஈ) புகைபோக்கி தென்கிழக்கு மூலையில், கூரைக்கும் குட்டையாக நிற்கிறது. எங்கள் கரையில் தென்கிழக்குக் காற்று வருஷத்தில் பாதி நாள் அடிக்கும். அந்தக் காற்று புகைபோக்கியின் உச்சியில் வாய் வைத்து ஊதுகிறது. நான் ஊதுகுழலோடு இந்தப் பக்கம், காற்று அந்தப் பக்கம். இருவருக்கும் போட்டி. நான் இன்னும் ஜெயிக்கவில்லை.

நல்லதையும் சொல்ல வேண்டும். அடுப்பு உயரமாக இருப்பது நல்லது. குனிந்து எழ வேண்டாம். குழந்தை தவழ்ந்து போய் நெருப்பில் விழாது. இதை வாங்கிக்கொண்டு போய்விடுங்கள் என்று நான் கேட்கவில்லை. இது அடுப்பாக வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

7. அது முடியாத காரியமும் இல்லை. சென்ற வாரம் எபேலியும் செமியும் புகைபோக்கியைப் பிடுங்கி, காற்று மறைகிற வடமேற்கு மூலையில் நட்டார்கள். பிஸ்கட் தகரங்களை வெட்டிச் சுருட்டி, கூரைக்கு மேலே போகும்படி உயர்த்தினார்கள். அது கோணலாக நின்றது. தேவாலயத்துக்குப் போகிறவர்கள் எல்லாம் நின்று சிரித்துவிட்டுப் போனார்கள். உள்ளே பற்ற வைத்தேன். புகை சற்று யோசித்தது. பிறகு மேலே போயிற்று. ஒரு பானை மரவள்ளி வேகும் வரைக்கும் என் குடிசையின் அந்தப் பக்கத்துச் சுவர் எனக்குத் தெரிந்தது. கெலேரா, "அண்ணி, உங்க மூஞ்சி இப்படியா இருக்கும்? நான் வேற யாரோன்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றாள். அன்று சாயங்காலமே காற்று தகரத்தைப் பிய்த்துக் கடலில் போட்டுவிட்டது. எங்களுக்குத் தகரத்தை நிறுத்தத் தெரியவில்லை. தங்கள் ஆட்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் அவர்கள் இந்தக் காற்றில் நின்றதில்லை.

8. ஆகவே ஐயா அவர்களிடம் நான் கேட்பவை: அச்சோடு வரும் ஆட்களை, வாயையும் கண்ணையும் பெரிதாக்கி, புகைபோக்கியை மாற்றும் வரைக்கும் நிறுத்தி வையுங்கள். அச்சைச் செய்தவர் யாரோ, அவரை ஒருமுறை இங்கே அனுப்புங்கள். வந்து ஒரு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டை அவரே அந்த அடுப்பில் சமைக்கட்டும். இந்தத் தடவை பின்னால் யாரும் சமைக்க மாட்டோம். அவர் பசியோடு போனாலும் போகட்டும் என்று ஊர்ப் பெண்கள் கூடி முடிவெடுத்திருக்கிறோம். அந்த முடிவுக்கு வர எங்களுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பது தங்களுக்குப் புரியும்.

அறிக்கையில் நான் சொன்னதாக உள்ளவற்றை அடித்துவிடுங்கள். திரு. ரூபேனி மேல் நடவடிக்கை வேண்டாம். தௌவுக்குள் மன்னிப்புக் கேட்கும் வழக்கம் இல்லை. கேட்டால் அதுதான் அவமதிப்பு. ஆகையால் நான் கேட்கவில்லை. அவர் மூக்கு சப்பை என்று மட்டும் தெரிவிக்கவும். அவருக்குப் புரியவில்லையென்றால் அவர் தகப்பனாரிடம் கேட்கச் சொல்லவும்.

அடுப்பு சரியானதும் என்னைப் படம் பிடிக்க வேண்டாம். தோரிகா இனி என் சிரிப்பை நம்பமாட்டாள். செவிலியை அந்தக் குடிசையில் உட்கார வைத்து, அவர் கையால் இரண்டு வரி எழுதி அனுப்பச் செய்யுங்கள். அவர் சிரிக்கிறவர் இல்லை. அவர் எழுதினால் என் மருமகள் கப்பல் ஏறுவாள். குழந்தைக்கு இப்போது பல் முளைத்திருக்கிறதாம். நான் பார்க்கவில்லை.

அடுத்த கப்பலில் தங்கள் பதிலுக்காகக் கரையில் நிற்பேன்.

இடம்: வைந்தோங்கோ
நாள்: 14 ஆகஸ்ட் 1986

இப்படிக்கு,
சிரிக்காமல் எழுதிய
மகெலேசி நைவாலு

(இதனுடன் கெலேராவும் மற்ற வீட்டுப் பெண்களும் கையொப்பமும் கைநாட்டும் இட்டுள்ளனர்.)

பின்குறிப்பு: அடுப்பு வாயின் உள் ஆழத்தையும் அளந்து எழுதினால் மனுவுக்குப் பலம் என்று என் கணவர் எபேலி சொன்னார். தையல் அளவுநாடாவைப் பிடித்துக்கொண்டு கையை உள்ளே விட்டார். முழங்கைக்கு மேல்வரை போயிற்று. இதை எழுதும் வரைக்கும் வெளியே வரவில்லை. தேங்காயெண்ணெய் ஊற்றிப் பார்த்தாயிற்று. தங்களுக்கு வணக்கம் சொல்லச் சொன்னார். அளவுநாடாவும் அவர் கையோடு உள்ளே இருப்பதால் ஆழத்தைக் குறிப்பிட இயலவில்லை. கப்பல் கிளம்பப்போகிறது, ஆகவே இத்துடன் முடிக்கிறேன்.